வாயில் பூசிய நீலம்

தும்யாத், எகிப்து,
திங்கட்கிழமை

அன்பு மகன் ரஃபத்துக்கு, உன்னைப் பெற்றவள் இன்ஷிராஹ் தன் கையாலேயே எழுதுவது. அல்லாஹ் உன்னை அந்த ஊர்க் குளிரிலிருந்தும் கெட்ட கண்ணிலிருந்தும் காக்கட்டும். இடது முழங்காலைத் தவிர நான் முழுசாக நலம், ரபாப் நலம், மாடியில் புறாக்களும் நலம். அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு வேர்வையோடு அப்படியே தெருவில் இறங்காமல், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்கிறாய், இல்லையென்றால் கத்துகிறாய், அதற்குள் உன் முகம் உறைந்துபோய் வாயைத் திறந்தபடியே நிற்கிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஐம்பது வயசுக்கு மேல் மசூதிக்குப் பின்னால் நடந்த எழுத்து வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து இது, பிழை இருந்தால் சிரிக்காதே. ஷுக்ரி கடைக்காரர் மகன் வியாழக்கிழமை மிலானுக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் இதையும் பாகில் ஊறிய முஷப்பக் ஒரு டப்பாவும் வைக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு இனிப்பைத் தின்னு.

முந்தாநாள் ஃபோனில், "யாரு அவகிட்ட சொன்னது, அந்த ரூம்ல யார் யார் இருந்தீங்க" என்று கேட்டாய் அல்லவா, மன்ஸூரா ஆஸ்பத்திரி அறையில் இருந்த ஒருவரையும் விடாமல் சொல்கிறேன். சட்டையை மேலே சுருட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்த உன் மனைவி ரபாப். கருவிக்கு முன்னால் டாக்டர் இப்திஸாம், பிறக்காத பிள்ளைகளின் இதயத்தை மட்டும் பார்க்கிற டாக்டர், ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்கு ஒட்டுப் போட்டிருந்தாள். வயிற்றில் தடவும் பசையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் வஃபாய்யா. தலைமாட்டு நாற்காலியில் நான். கதவோரம் முக்காலியில், மடியில் துணிப்பொட்டலத்தோடு உன் அத்தை நபவிய்யா. ஐந்து பேர். வயிற்றில் இருப்பவளையும் எண்ணினால் ஆறு, ஆம், பெண்தான். ரபாபிடம் சொன்னது அவர்களில் யாரும் இல்லை, நான். டாக்டர் மேல் கோபப்படாதே. நீ கேட்டுக்கொண்டபடி அவள் என்னையும் உன் அத்தையையும் வெளியே கூப்பிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். வெளியே போன நான் உள்ளே திரும்பி வந்து ஏன் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாலு வாரத்துக்கு முன் நம் ஊர் ஸ்கேன் டாக்டர் பிள்ளையின் இதயம் சரியாகத் தெரியவில்லை என்று உன்னை அழைத்துச் சொன்னான். நீ என்னை அழைத்தாய். "அம்மா, அவளுக்குத் தெரிய வேணாம், கவலைப்பட்டா வயித்துல இருக்கறதுக்கு ஆகாது, மன்ஸூராவுல நல்ல மெஷின் இருக்கு, சும்மா அழகா ஒரு படம் எடுத்துட்டு வரலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க" என்றாய். நானும் சரி என்றேன். மூன்று வாரம் உன் பேச்சைக் கேட்டு நடித்தேன். அவள் சிரித்தால் சிரித்தேன், அவள் தொட்டில் துணி தைத்தால் நூல் கோத்துக் கொடுத்தேன். அதில் உன் பங்கு எவ்வளவோ அவ்வளவு என் பங்கும் உண்டு. தனக்குத் துணைக்கு உன் அத்தையும் வந்தே ஆக வேண்டும் என்று ரபாப் பிடிவாதம் பிடித்தாள், கார் வேறு உன் அத்தை வீட்டுக் கார். உனக்குத் தெரியும், நாற்பத்தொரு வருஷமாக நான் நபவிய்யா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நான் முன் சீட்டில், அவள் பின் சீட்டில். வழியில் அவள் சுட்டுக் கொண்டுவந்த ஃபித்தீர் ரொட்டியைப் பிரித்தாள், கார் முழுக்க நெய் வாசனை. "அண்ணி, ஒரு துண்டு" என்று தோளுக்கு மேல் நீட்டினாள். நான் என் பையிலிருந்த காய்ந்த ரஸ்க்கைக் கடித்தேன். ரபாப், "அத்தை, அந்த ரஸ்க்கைக் கடிக்கிற சத்தத்துல என் பிள்ளை முழிச்சிக்கிச்சு" என்றாள். கார் ஓட்டினவன்கூடச் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

ஏன் அந்தப் பகை என்று உனக்குப் பாதிதான் தெரியும். உனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், நாதிர், ஒன்பது நாள் இருந்தான். ஏழாம் நாள் விழாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தனை பெண்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லி ஏற்றிய மெழுகுவர்த்திகளில் கடைசிவரை எரிந்தது நாதிர் என்ற பெயர் வைத்தது, அதுவே அவன் பெயரானது. அவனைச் சல்லடையில் கிடத்தி ஆட்டினார்கள், உப்பு தூவினார்கள். உன் அத்தைதான் பித்தளை உரலை அவன் காதோரம் வைத்து உலக்கையால் இடித்து, எல்லா அத்தைகளும் கத்துகிற மாதிரி, "உங்க அம்மா பேச்சைக் கேளு, உங்க அப்பன் பேச்சைக் கேக்காதே" என்று கத்தினாள். மற்றப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் துள்ளும். இவன் கண்ணை மட்டும் திறந்தான். அவன் வாய் முழுக்க, உதடு, ஈறு, நாக்கு எல்லாம் கருநீலம், ஏனென்றால் நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறது என்று நபவிய்யா அந்த நீல மருந்தைப் பஞ்சில் தொட்டுப் பூசியிருந்தாள். எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதைப் பூசவில்லை, உனக்கும் பூசியிருப்பார்கள், நான் விட்டிருந்தால். ஒருத்தி, "ஏழாம் நாளே மல்பெரிப் பழம் தின்ன மரத்துல ஏறிட்டான்டி உன் புள்ள" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் பால் குடிக்கும்போது நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஓய்ந்துபோவான், அந்த ஜனவரிக் குளிரிலும் நெற்றி முத்து முத்தாக வேர்க்கும். சோம்பேறி என்று கொஞ்சினேன். நகம் நீலமாகத்தான் இருந்தது, மருந்து ஒட்டியிருக்கும் என்று ஈரத்துணியால் தேய்த்தேன். ஒன்பதாம் நாள் முற்பகல் மாடியில் அவன் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கீழே நபவிய்யா மடியில் அவன் போய்விட்டான். நான் இறங்கி வருவதற்குள் அவன் ஆறிப்போயிருந்தான், வாயில் அந்த நீலம் மட்டும் புதுசாக இருந்தது. உன் மருந்துதானடி அவன் வாயைப் பொசுக்கிப் பால் குடிக்கவிடாமல் கொன்றது என்று அன்றைக்குச் சொன்னேன், அதற்குப் பிறகும் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன். அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. பதில் இல்லாததால்தான் உண்மை என்று நினைத்தேன். நீ பிறந்து அவள் உன்னைத் தன் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று அவள் எந்தப் புட்டியைத் தொடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, மன்ஸூராவுக்கு வருகிறேன். டாக்டர் இப்திஸாம் நாற்பது நிமிஷம் அந்தக் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன முஷ்டி மூடித் திறந்துகொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்தியதும் சத்தம் வந்தது, ஓடுகிற குதிரைக் குளம்பு மாதிரி. ரபாப் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு இன்னொரு பட்டன், திரையில் சிவப்பும் நீலமும் பொங்கின. நீலத்தைப் பார்த்ததும் "டாக்டரம்மா, ஏன் நீலமா இருக்கு" என்று கேட்டுவிட்டேன். "அது சும்மா மெஷின் போடற கலர் ஹாஜ்ஜா, நம்ம பக்கம் வர்ற ரத்தம் சிவப்பு, அந்தப் பக்கம் போற ரத்தம் நீலம், பயப்படாதீங்க" என்றாள். நான் சமாதானமானேன், ஆனால் கதவோரம் முக்காலி ஆடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உன் அத்தை இரண்டு கையாலும் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். அப்போதுதான் டாக்டர் பசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டாள். ரபாப் என் கையைப் பிடித்து, "அத்தை, சீக்கிரம் வந்துடுங்க" என்றாள்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், நீ அவளையே திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கொள். இதயத்திலிருந்து இரண்டு பெரிய குழாய் கிளம்புகிறது, ஒன்று உடம்புக்கு, ஒன்று நுரையீரலுக்கு. நம் குழந்தைக்கு அந்த இரண்டும் இடம் மாறி முளைத்துவிட்டன, குழாய்க்காரன் மாற்றிப் பொருத்திவிட்டுப் போன மாதிரி. வயிற்றில் இருக்கும்வரை தாயின் ரத்தம் பார்த்துக்கொள்கிறது, அதனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, வளர்கிறாள், உதைக்கிறாள். வெளியே வந்து தொப்புள்கொடியை அறுத்ததும்தான் ஆபத்து. அந்த மணி நேரத்திலேயே ஒரு மருந்தை ஏற்ற வேண்டும், அவசியமானால் காலின் நரம்பு வழியாக ஒரு சின்ன பலூனை விட்டு உள்ளே வழி பெரிதாக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் நெஞ்சைத் திறந்து குழாய்களை அதனதன் இடத்தில் தைக்க வேண்டும். பெரிய வேலைதான், ஆனால் செய்கிறார்கள், அதிகம் பேர் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றாள். ஒரே நிபந்தனை, பிரசவம் நம் ஊர் கிளினிக்கில் கூடாது, கெய்ரோவில் குழந்தைகளின் இதயத்துக்கு அறுவை செய்கிறவர்கள் இருக்கிற ஆஸ்பத்திரியில், அவர்கள் தயாராகக் காத்திருக்கும்போது பிறக்க வேண்டும். "வீட்டுக்காரர் மனைவிகிட்ட சொல்ல வேணாம்ங்கிறார் ஹாஜ்ஜா. எனக்கு அதுல இஷ்டமில்ல. பெத்தவ தெரிஞ்சுக்கிட்டுத் தயாரா இருந்தா எங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. நீங்க பெரியவங்க, பேசிட்டு வாங்க" என்று சொல்லி நடையிலிருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

மகனே, ஒளிக்காமல் சொல்கிறேன், நான் உன் பக்கம்தான் இருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லடி, குழந்தை உன்னை மாதிரியே மூக்கு, டாக்டர் கெய்ரோவுல பிரசவம் பார்த்தா சௌகரியம்ங்கிறா என்று சொல்ல வார்த்தையைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டு எழுந்தேன். உன் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "உக்காருங்க அண்ணி. உள்ள போய் பொய் சொல்லாதீங்க. எங்க அண்ணன் செஞ்சதை நீங்க செய்யாதீங்க" என்றாள். எந்த அண்ணன் என்ன செய்தார் என்று கேட்டேன். அவள் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஐந்தாம் நாள் நாதிரை எடை பார்க்க அரசாங்க சுகாதார ஆபீசுக்கு உன் அப்பாவும் அவளும்தான் தூக்கிப் போனார்கள், நான் தீட்டுக் குளியலுக்காக வீட்டில் இருந்தேன், அது எனக்கும் நினைவிருக்கிறது. அங்கிருந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் பிறவியிலேயே கோளாறு, இந்த நாட்டில் இப்போது இதற்கு வைத்தியம் இல்லை, சில நாளோ சில வாரமோ, உதடு இன்னும் நீலமாகும் என்றானாம். தாய்க்குச் சொல்லாதே, பால் வற்றிவிடும் என்றும் அவன்தான் சொன்னானாம். வழியில் உன் அப்பா கால்வாய்க் கரையில் உட்கார்ந்து தலைப்பாகைத் துணியைக் கடித்துக்கொண்டு அழுதாராம். பிறகு மருந்துக்கடைக்குப் போய் அந்த நீல மருந்தை வாங்கினாராம். "நாக்குல வெள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. உதடு நீலமாவறது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வாங்கினாரு. நீ பூசு நபவிய்யா, என் கை நடுங்குதுன்னாரு. தினம் காலைல நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி பூசினேன். ஏழாம் நாளாவது அவ சந்தோஷமா இருக்கட்டும்னாரு. குர்ஆன் மேல கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சே, அதற்கப்புறமாவது சொல்லக் கூடாதா என்றேன். "செத்தவர் மேல பழியைப் போட்டு நான் நல்லவளாகணுமா. நீங்க திட்டிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். இன்னிக்கு அந்த டீவில நீலத்தைப் பாத்ததும் முடியல" என்றாள்.

உன் அப்பா தஸூக்கி என்ன தொழில் செய்தார் என்று நினைத்துப் பார். தும்யாத் மேஜை நாற்காலிகளுக்கு மெருகு போடுகிற கை அது. மரத்தில் கணு இருந்தால், வெடிப்பு இருந்தால், பட்டி பார்த்து, சாயம் தடவி, அரக்கு பூசி, வாங்குகிறவன் விரலால் தடவினால்கூடத் தெரியாமல் செய்துவிடுவார். ஊரே புகழ்ந்த கை. என் மகன் வாயிலும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு அழுகை வரவில்லை, நாட்கள்தான் வந்தன. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள். தெரிந்திருந்தால் அவனை யார் கையிலும் கொடுத்திருக்க மாட்டேன். சல்லடையில் போட்டு ஆட்டவிட்டிருக்க மாட்டேன். மல்பெரிப் பேச்சுக்குச் சிரித்திருக்க மாட்டேன். ஒன்பதாம் நாள் மாடிக்குப் போயிருக்க மாட்டேன், துணி ஈரமாகவே கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். அவன் பிழைத்திருக்க மாட்டான், அது எனக்குப் புரிகிறது, நான் முட்டாள் இல்லை. அவன் என் மடியில் போயிருப்பான். அந்த நாலு நாள் என்னுடையது.

அப்புறம்தான் உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் ரபாப் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய்க்காரன் மாற்றிப் பொருத்தின கதையாகவே எல்லாவற்றையும் சொன்னேன், பலூன்வரை, தையல்வரை, ஒன்றையும் குறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. டாக்டர் நான் தப்பாகச் சொன்ன இரண்டு இடத்தில் திருத்தினாள். ரபாப் கத்தவில்லை, விழவில்லை. "எனக்கு ஏதோன்னு தெரியும் அத்தை. மூணு வாரமா எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறீங்க. என் கல்யாணத்தப்பக்கூட நீங்க இவ்வளவு சிரிக்கல" என்றாள். பிறகு டாக்டரிடம், "இப்ப அதுக்கு வலிக்குதா" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றதும்தான் அழுதாள், நர்ஸ் வஃபாய்யாவும் அழுதாள், அவளுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அழுது முடித்ததும் ஒரு காகிதம் கேட்டாள். பிறந்ததும் நான் ஒரு தடவை முகம் பார்க்கலாமா, பால் கறந்து கொடுக்கலாமா, அறுவை நடக்கும்போது நான் எங்கே உட்காருவது என்று கேள்வியாக எழுதிக்கொண்டாள். பார்க்கலாம், கொடுக்கலாம் என்று டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நீ பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை ரஃபத். மூன்று வாரமாகக் கொறித்துக்கொண்டிருந்தவள் காரில் ஏறியதும் பசிக்கிறது என்றாள். உன் அத்தை பொட்டலத்தைப் பிரித்தாள். இந்தத் தடவை நான் பின் சீட்டில்தான் இருந்தேன். எனக்கும் ஒரு துண்டு கொடு என்று கையை நீட்டினேன். நெய் கொஞ்சம் அதிகம். அவளிடம் சொல்லவும் செய்தேன். "நாப்பத்தோரு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா குறை சொல்லத்தானா அண்ணி" என்றாள்.

இனி நீ செய்ய வேண்டியது. மார்ச் இருபதுக்கு முன் ரபாபைக் கெய்ரோவுக்கு அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறார்கள், நானும் நபவிய்யாவும் கூடப் போகிறோம், ரபாப் தங்கை வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம். குழந்தையின் நெஞ்சைத் திறக்கத் தகப்பன் கையெழுத்து வேண்டுமாம், உன் அப்பாவும் இல்லை, என் கையெழுத்தும் செல்லாது. ஒன்று நீ வா, இல்லையென்றால் அந்த ஊர் தூதரகத்தில் ரபாப் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி முத்திரையோடு அனுப்பு. வருவதென்றால் ரொம்ப நல்லது. அவளை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசு, எனக்கு முன்னமே தெரியும், உன்னிடம் மறைத்தேன், தப்பு என்று சொல். அவள் உன்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள், அது உனக்கு நல்லது. இனி டாக்டர் உன்னிடம் எது சொன்னாலும் அதே பேச்சை அவளிடமும் சொல்லச் சொல். உன் ஏழாம் நாளில் உன் காதில் உரலை இடித்தவளும் நபவிய்யாதான், என்ன கத்தினாள் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்தாவது அதைக் கேள்.

உன் அப்பா அன்பால்தான் செய்தார் என்று நீ எழுதுவாய். எனக்குத் தெரியாதா. அந்த மனிதரோடு முப்பத்தேழு வருஷம் வாழ்ந்தவள் நான், அவர் கோபத்தில் ஒரு தட்டைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை. அவர் நினைவு நாளுக்கு இந்த வருஷமும் சோறாக்கி ஏழைகளுக்குக் கொடுப்பேன், அவர் கல்லறைக்குத் தண்ணீர் தெளிப்பேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் அது வேறு, இது வேறு. நீ நல்லவன், அவர் மாதிரியே நல்லவன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் மகளுக்கு நேரான குழாய்களையும், அந்த டாக்டர்களின் கைகளுக்கு நடுங்காத உறுதியையும் கொடுக்கட்டும். கழுத்துத் துணியை மறக்காதே. அந்தப் பத்திரத்தை அதற்கு முன்னால் மறக்காதே. ரபாப் ஸலாம் சொல்லவில்லை, நீ கூப்பிட்ட பிறகு சொல்வாளாம். உன் அத்தை சொல்லச் சொன்னாள்.

உன்னைப் பெற்ற,
இன்ஷிராஹ்

கடிதத்தை மடித்த பிறகு பிரித்து எழுதுகிறேன். சாகும்வரை மன்னிக்க மாட்டேன் என்று நான் ஒருவரைப் பெயர் சொல்லி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். அந்தப் பெயரைப் போன செவ்வாய்க்கிழமை மன்ஸூராவில் அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இல்லை. உன் பெயரை அதற்குப் பக்கத்தில் எழுத வைக்காதே. அங்கே இப்போது இருப்பவர் உன் அப்பா, மெருகு போடுகிற தஸூக்கி.